டிஜிட்டல் சொத்துகளை உயிலில் எழுதி வைப்பது எப்படி: பெங்களூருவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மாதாமாதம் எதற்கு வீண் பில் என்று அவருடைய போஸ்ட்பெய்டு நம்பரை அக்கா சரண்டர் செய்துவிட்டாள். அடுத்த வாரம் லேப்டாப்பைத் திறந்தால் எதைத் தொட்டாலும் அந்த நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது. மெயில், பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கு, பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த படங்கள், எல்லாம் அந்த ஒரு சிம்மின் பின்னால் இருந்தன. உயில் இல்லாமல் இல்லை. முறையாக எழுதி, பதிவும் செய்திருந்தார். அதில் வீடு இருந்தது, நகை இருந்தது, எல்.ஐ.சி. இருந்தது. லேப்டாப்புக்குள் இருந்தது எதுவும் இல்லை. எட்டு மாதம் அலைந்து பணத்தை மீட்டோம். படங்களில் பாதிதான் கிடைத்தன.

அதன் பிறகு எனக்காக ஒன்று எழுதினேன். முருகேஷ்பாளையாவில் எங்கள் அபார்ட்மென்டிலும் ஆபீஸிலும் பத்துப் பதினைந்து பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஏற்கெனவே சொத்துத் தகராறு இருக்கிற குடும்பம் என்றால் நேராக வக்கீலிடம் போய்விடுங்கள். மற்றவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். எல்லோரும் உயிலை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் உயில் ஒன்பதாவது படி. அதற்கு முன்னால் உள்ள எட்டையும் முடிக்காமல் எழுதினால், யாருக்கு என்பது காகிதத்தில் இருக்கும், எப்படித் திறப்பது என்பது யாருக்கும் தெரியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு சனி ஞாயிறு ஒதுக்குங்கள். போன், லேப்டாப், ஆதார், பான், பாஸ்போர்ட், கடந்த ஒரு வருடத்து பேங்க் ஸ்டேட்மென்ட், ஒரு நீளமான நோட்டு. இவ்வளவு போதும். பட்டியலை லேப்டாப்பிலேயே டைப் செய்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த லேப்டாப்பைத் திறக்க முடியாத ஒருவருக்காகத்தான் இந்த வேலையே.

முதல் வேலை, உங்கள் பெயரைச் சரிபார்ப்பது. நம் ஆட்களுக்கு இது பெரிய தலைவலி. ஊரில் எஸ். கணேசன். பெங்களூரு வந்து பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து கணேசன் சுப்பிரமணியன். மெயிலில் கணேஷ் எஸ்., பேஸ்புக்கில் கணேஷ் சுப்பு. நாலும் ஒரே ஆள் என்பது வீட்டுக்குத் தெரியும். எங்கோ உட்கார்ந்து இறப்புச் சான்றிதழையும் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஊழியருக்கு நாலு பேர். இறப்புச் சான்றிதழில் பொதுவாக ஆதாரில் உள்ள பெயர்தான் ஏறும். ஆகவே முக்கியமான கணக்குகளில் பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாத இடத்துக்கு, இன்னின்ன பெயர்களாலும் அறியப்படுகிறேன் என்று உயிலில் ஒரு வரி சேர்க்கலாம்.

2. எது உங்களுடையது, எது இல்லை

தன்னுடையதாக இல்லாததை யாரும் உயில் எழுதிக் கொடுக்க முடியாது. கிண்டிலில் காசு கொடுத்து எடுத்த புத்தகங்கள், ஸ்டீமில் வாங்கிய கேம்கள், ஆப்பிளில் வாங்கிய பாட்டுகள் எல்லாம் படிக்க, ஆட, கேட்க உங்களுக்குக் கொடுத்த அனுமதி மட்டும்தான். உங்களோடு முடிந்துவிடும். ஆபீஸ் மெயிலும் ஆபீஸ் லேப்டாப்பும் கம்பெனியுடையவை. அதில் குடும்பப் படங்களோ வரிக் கணக்கோ வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். இந்த ஊரில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள். ஆள் இறந்ததும் கம்பெனி முதலில் மூடுவது அந்தக் கணக்கைத்தான்.

உங்களுடையவை என்று சொல்லத்தக்கவை: டீமேட்டில் உள்ள பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், பிரீபெய்டு வாலட்டில் உள்ள இருப்பு, பிட்காயின் போன்ற கிரிப்டோ, வெப்சைட்டின் முகவரியான டொமைன் பெயர்கள், யூடியூப் வருமானம், நீங்கள் எடுத்த படங்கள், எழுதிய எழுத்து. கடைசியில் சொன்னதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தின் உரிமை ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். அதை யாருக்கு என்று உயிலில் தாராளமாக எழுதலாம்.

சின்னத் தொகைக்கான யுபிஐ லைட் இருப்பைத் தவிர்த்தால், யுபிஐ ஆப்பில் இருக்கும் பணம் என்று தனியாக எதுவும் இல்லை. அது பேங்க் கணக்கைத் தட்டும் கதவு மட்டும். இதை எழுதச் சொல்லி என்னிடம் கேட்காதவரே கிடையாது.

3. கணக்கெடுப்பு

ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். தடயத்திலிருந்து எழுதுங்கள். மெயிலில் வெல்கம், இன்வாய்ஸ், ரினியூவல், ஸ்டேட்மென்ட் என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் ஆட்டோபே ஒவ்வொன்றையும் குறியுங்கள். கூகுள் கணக்கை வைத்து லாகின் செய்த தளங்களின் பட்டியல் அந்தக் கணக்கின் செட்டிங்ஸிலேயே இருக்கும். பங்கும் ஃபண்டும் பான் நம்பரை வைத்து வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஜெயநகரில் ரிடையரான ஒரு பெரியவர், எனக்கு வாட்ஸ்அப்பைத் தவிர என்னப்பா இருக்கிறது என்றார். சாயங்காலத்துக்குள் 41 வந்தது. அதில் ஒன்று, பஜனை சபாவின் வெப்சைட் டொமைன். பத்து வருடத்துக்கு முன்னால் அவர் கிரெடிட் கார்டில், அவர் பெயரிலேயே வாங்கியது. அவருக்கு ஏதாவது ஆகி அந்த கார்டை மூடினால், அடுத்த ரினியூவலில் சபாவின் டொமைன் போய்விடும். சங்கம், கோயில், பழைய மாணவர் குழு என்று நாம் கை கொடுத்த எல்லாவற்றிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும். அவற்றை உயிலுக்குக் கொண்டுவர வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே வேறு ஆள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: என்ன கணக்கு, எந்த மெயில் அல்லது நம்பரில் இருக்கிறது, யாருக்குப் போக வேண்டும், என்ன செய்ய வேண்டும். நாலாவது கட்டத்தில் மாற்று, இறக்கி வை, அழி என்ற மூன்றில் ஒன்று. பாஸ்வேர்டு இந்த நோட்டில் வரவே கூடாது. ஏன் என்பது எட்டாவது படியில்.

4. போன் நம்பரும் முதன்மை மெயிலும்

மற்ற எல்லாப் பூட்டுக்கும் சாவி இந்த இரண்டிலும் தொங்குகிறது. அதனால்தான் பணத்துக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்கிறேன்.

பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் துண்டித்துவிடலாம். பிறகு அந்த நம்பர் வேறு ஆளுக்குப் போகும். அக்கா சரண்டர் செய்த போஸ்ட்பெய்டு நம்பரும் அப்படித்தான் போனது. ஒரு நாள் அக்காவின் வாட்ஸ்அப்பில் மாமாவின் பெயருக்கு நேராக பைக்கில் சாய்ந்து நிற்கும் யாரோ ஒரு பையனின் படம் வந்து நின்றது. அன்று அவள் சாப்பிடவில்லை.

செய்ய வேண்டியவை இவை. கூகுள் கணக்கில் மீட்பு நம்பராக மனைவி அல்லது கணவரின் நம்பரைப் போடுங்கள். இரண்டு அடுக்குப் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் கோடுகள் கிடைக்கும். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதை பிரின்ட் எடுங்கள். போன் தொலைந்தாலும், உடைந்தாலும், சிம் போனாலும் உள்ளே போக வழி அதுதான்.

போனின் பின் எண்ணை வீட்டில் ஒருவருக்காவது தெரியும்படி செய்யுங்கள். ரேகை வைத்தே திறந்து பழகியவர்கள் பின்னையே மறந்துவிடுகிறார்கள். போன் ஒருமுறை அணைந்து எழுந்தால் ரேகையை ஏற்காது, பின்னைத்தான் கேட்கும். ஆஸ்பத்திரியில் சார்ஜ் தீர்ந்து அணையும் போன்கள்தான் அதிகம்.

5. நாமினி

பேங்க், டீமேட், ஃபண்ட், பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினியைச் சரிபாருங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் இன்னும் அப்பா பெயர் இருக்கும். அவரே போய்ச் சேர்ந்திருப்பார். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் கணக்குக்கு நாலு நாமினி வரை வைக்கலாம். டீமேட்டுக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் பத்துப் பேர் வரை.

நாமினி என்றால் சொத்து அவருக்கு என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நாமினி வாங்கி வைத்துக்கொள்பவர், அவ்வளவுதான். சொத்து யாருக்கு என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ தீர்மானிக்கும். பங்குகளுக்கும் இதே விதிதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது.

நாமினி தம்பி, உயிலில் மனைவி என்று விட்டுவைத்தால், பணம் முதலில் தம்பி கைக்குப் போய், பிறகு மனைவி அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டு வாங்குவது என்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேறு காரணம் இல்லையென்றால் இரண்டிலும் ஒரே பெயரை வையுங்கள்.

அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் நாமினி வைக்கும் வசதி வந்திருக்கிறது. கணக்குக்காரர் இறந்த பிறகு நாமினிக்குப் படிக்க மட்டும் அனுமதி கிடைக்கும். எதையும் மாற்ற முடியாது. என்னென்ன சொத்து இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். இரண்டு நிமிட வேலை.

6. நிறுவனங்களே தரும் ஏற்பாடு

உயிலைக் காட்டினால் மெயிலைத் திறந்து தந்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது, நீங்கள் அவர்களுடைய செட்டிங்கில் யார் பெயரைப் போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

கூகுளில் இதன் பெயர் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர். 3, 6, 12, 18 மாதம் என்று ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவு காலம் கணக்கில் அசைவே இல்லையென்றால், நீங்கள் குறித்த ஆட்களுக்கு மெயில் போகும். பத்துப் பேர் வரை குறிக்கலாம். யாருக்குப் படங்கள், யாருக்கு மெயில் என்று பிரித்தும் கொடுக்கலாம். தகவல் வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவர்கள் டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். இதில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று.

பெயரைப் போட்ட அன்று அந்த ஆளுக்கு எந்தத் தகவலும் போகாது. நீங்கள்தான் சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் கழித்து வரும் மெயிலை மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்.

அடுத்தது, அவருடைய நம்பர். டவுன்லோடு செய்யும்போது அதற்குக் கோடு வரும். அவர் நம்பர் மாற்றியிருந்தால் கதவு திறக்காது.

மூன்றாவது யாரும் எதிர்பார்க்காதது. ஆண்ட்ராய்டு போன் கூகுளோடு பேசிக்கொண்டிருந்தாலே அதுவும் அசைவுதான். அப்பாவின் போனை எடுத்துப் பிள்ளை கேம் ஆடிக்கொண்டிருந்தால், கூகுளைப் பொறுத்தவரை அப்பா நன்றாகவே இருக்கிறார். அந்த மெயில் வரவே வராது. நான் எல்லோருக்கும் 3 மாதத்தைத்தான் சொல்வேன். வெளிநாடு போனாலும் மெயில் பார்க்காமல் மூன்று மாதம் யாரும் இருப்பதில்லை. காலம் முடியும் முன் உங்களுக்கு எச்சரிக்கையும் வரும்.

முடிவில் கணக்கை அழித்துவிடவா என்று ஒரு கேள்வி வரும். யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் ஆம் என்று தட்டிவிடாதீர்கள். வீடியோக்களும் சேர்ந்து போய்விடும்.

ஆப்பிளில் லெகஸி கான்டாக்ட். ஐஓஎஸ் 15.2 முதல் இருக்கிறது, ஐந்து பேர் வரை வைக்கலாம். அவர்களுக்கு ஓர் அக்ஸஸ் கீ உருவாகும். பிற்காலத்தில் அந்தக் கீயும் இறப்புச் சான்றிதழும் சேர்த்துக் கொடுத்தால்தான் வழி திறக்கும். கீயை பிரின்ட் எடுத்து வையுங்கள். அனுமதி மூன்று வருடத்துக்குத்தான், பிறகு கணக்கு நிரந்தரமாக அழியும். கீசெயினில் சேமித்த பாஸ்வேர்டுகள் இந்த வழியில் கிடைக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேஸ்புக்கில் லெகஸி கான்டாக்ட்டாக ஒரு நண்பரை வைக்கலாம், அல்லது இறந்த பின் அழித்துவிடச் சொல்லலாம். அந்த நண்பரால் உங்கள் மெசேஜ்களைப் படிக்க முடியாது. இதைச் சொன்னதும் பலருக்கு மூச்சு வரும்.

வாட்ஸ்அப்பில் இப்படி எதுவும் கிடையாது. 120 நாள் அசைவில்லாத கணக்கு அழிக்கப்படும். வேண்டிய உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைப்பது மட்டும்தான் வழி.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நம் தரவு மீதான உரிமைகளுக்கு நாமினி வைக்க இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, நிறுவனங்களுக்கு அவகாசமும் உண்டு. அதை நம்பிக் காத்திருக்காமல் மேலே சொன்னதை இன்றே செய்யுங்கள்.

7. கிரிப்டோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

இல்லாதவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். இருப்பவர்கள் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மற்ற எதுவும் அலைந்தால் கிடைக்கும், இது கிடைக்காது.

கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தால் கேட்பதற்கு ஒரு கம்பெனியாவது இருக்கிறது. கேஒய்சி என்ற அடையாளப் பதிவு இருக்கிறது, இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் கொடுத்துக் கேட்கலாம். சொந்த வாலட்டில் இருந்தால் அதைத் திறக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள்தான் எல்லாம். அவை தொலைந்தால் நீதிமன்ற உத்தரவு வாங்கி வந்தாலும் திறந்து கொடுக்க ஆள் கிடையாது.

சொற்களை போட்டோ எடுக்காதீர்கள், மெயிலில் போடாதீர்கள். போட்டோ தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் வரிசை எண் போட்டுக் கையால் எழுதுங்கள். வரிசை மாறினால் வேறு வாலட் திறக்கும், அல்லது எதுவுமே திறக்காது. ஆபீஸில் ஒருவர் இரண்டு பத்தியாக எழுதியிருந்தார். மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா என்று அவருக்கே சந்தேகம். பாதியை அண்ணனிடமும் பாதியை நண்பனிடமும் கொடுக்கும் சாமர்த்தியமும் வேண்டாம். ஒரு பாதி தொலைந்தால் முழுவதும் போயிற்று.

கிரிப்டோ சொத்துதானா என்று கேட்பவர்களுக்கு: சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. உயில் வழியாகக் கைக்கு வந்ததற்கு வரி இல்லை. விற்கும்போது லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்பனையில் முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீதம் டிடிஎஸ். அதனால் எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்ற ஆதாரத்தையும் சொற்களோடு சேர்த்து வையுங்கள். அது இல்லையென்றால் வாரிசு ஆடிட்டர் முன்னால் முழிக்க வேண்டியிருக்கும்.

8. சாவிக் கடிதம்

பாஸ்வேர்டுகளுக்கு உயிலில் இடமில்லை. தனிக் கடிதத்தில்தான் எழுத வேண்டும். காரணம் மூன்று. பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பிறகு, விண்ணப்பிக்கும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. அடுத்து, பாஸ்வேர்டு மாறிக்கொண்டே இருக்கும். உயிலில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினாலும் மறுபடி கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். மூன்றாவது, உயில் பலர் கைபடும் காகிதம்.

கடிதத்தில் இருக்க வேண்டியது ஐந்தே விஷயம்: போனின் பின், லேப்டாப் பாஸ்வேர்டு, முதன்மை மெயிலின் பாஸ்வேர்டும் பேக்கப் கோடுகளும், மற்றப் பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜரின் மாஸ்டர் பாஸ்வேர்டு, கிரிப்டோ சொற்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு. 41 கணக்கின் பாஸ்வேர்டையும் எழுதினால் அடுத்த மாதமே பாதி தவறாகிவிடும். மெயிலும் மேனேஜரும் திறந்தால் மற்றவை தானே திறக்கும். பேங்க் பாஸ்வேர்டும் யுபிஐ பின்னும் இதில் வேண்டாம். பேங்க் பணம் போக வேண்டிய வழி நாமினியும் உயிலும்தான்.

கையெழுத்தில் கவனம். நான் எழுதிய முதல் கடிதத்தை என் மனைவியால் திறக்க முடியவில்லை. ஒன்று என்ற எண்ணா, ஆங்கில எல் எழுத்தா என்பது தெரியவில்லை. பூஜ்யமும் ஓ எழுத்தும் அப்படித்தான். இப்போது ஒவ்வொரு எழுத்தையும் தனிக் கட்டத்தில் எழுதி, கீழே எண், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று தமிழிலேயே குறித்திருக்கிறேன்.

யாருக்கு எது என்று இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். உயில் குறிப்பிடும் ஒரு தாள், உயில் எழுதும்போதே எழுதப்பட்டு இருந்தால்தான் அதன் பகுதியாகும். பிறகு மாற்றி மாற்றி எழுதிய கடிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. யாருக்கு என்பதை உயில் சொல்லட்டும். எப்படி என்பது மட்டும் கடிதத்தின் வேலை.

உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். லாக்கரில் வைப்பதானால் அந்த லாக்கர் கூட்டுப் பெயரில் இருக்கட்டும். உங்கள் தனிப் பெயரில் உள்ள லாக்கரைத் திறக்கவே வீட்டார் முதலில் பேங்கில் காகிதம் கொடுத்து நடக்க வேண்டியிருக்கும்.

9. உயில்

இப்போது எழுதலாம். 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். எல்லாமே டிஜிட்டல்தானே, ஆதார் இ-சைன் போட்டுவிடலாமா என்று ஐடிக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். கூடாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் அட்டவணையே சொல்கிறது. பிட்காயினுக்கு எழுதும் உயிலும் பேனா மையில்தான்.

ஏற்கெனவே உயில் இருந்தால், டிஜிட்டலுக்கென்று தனி உயில் எழுதாதீர்கள். கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்பதால், முந்தைய உயில்களை ரத்து செய்கிறேன் என்ற வழக்கமான வரி வீட்டையும் நகையையும் சேர்த்து அடித்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் புதிதாக எழுதுவதே நல்லது.

டிஜிட்டல் பகுதிக்கு நான் வைத்திருக்கும் வாசகங்கள் இவை. உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

“என் பெயரிலோ, என் மின்னஞ்சல் முகவரி அல்லது கைபேசி எண்ணின் பேரிலோ உள்ள டிஜிட்டல் கணக்குகள், சாதனங்கள், அவற்றில் உள்ள கோப்புகள் அனைத்தையும் திறக்கவும், நகல் எடுக்கவும், மாற்றவும், மூடவும் இந்த உயிலை நிறைவேற்றுபவருக்கு அனுமதி அளிக்கிறேன்.”

“கணக்குகளில் உள்ள பணமதிப்புள்ள சொத்துகள் என் மனைவிக்கு. புகைப்படங்கள், காணொளிகளின் நகல் என் பிள்ளைகள் இருவருக்கும் முழுமையாக. என் எழுத்துகளின் பதிப்புரிமை என் மகளுக்கு.”

“மேலே குறிப்பிடாமல் விடுபட்ட, இனிமேல் நான் சேர்க்கும் டிஜிட்டல் சொத்துகள் அனைத்தும் என் மனைவிக்கு.”

முதல் வாசகம் எதற்கு என்றால், அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் போவது ஐடி சட்டப்படி தவறு. எழுத்தில் அனுமதி இருந்தால் நாளைக்கு ஒரு பங்காளி கேள்வி கேட்கும்போது காட்டலாம். மூன்றாவது வாசகத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் அடுத்த வருடம் திறக்கும் கணக்கு உயிலுக்கு வெளியே போகும். இந்து ஆணுடையது என்றால் அப்படி வெளியே போனது மனைவி, பிள்ளைகள், தாயார் எல்லோருக்கும் சம பங்காகப் பிரியும். முஸ்லிம் குடும்பங்களில் உயிலால் கொடுக்கும் அளவுக்கே வரம்பு உண்டு, அவர்கள் முன்கூட்டியே ஆலோசனை கேட்பது அவசியம்.

கணக்கு நம்பர்களை உயிலில் எழுத வேண்டியதில்லை. நிறைவேற்றுபவராக வயதில் மூத்தவரைப் போடுவது நம் வழக்கம். இந்த வேலைக்கு அது சரிவராது. பெரியப்பாவுக்கு மரியாதை வேறு விதத்தில் செய்யுங்கள், இதற்கு ஓடிபி, பேக்கப் கோடு என்றால் என்னவென்று தெரிந்த, உங்களைவிட இளையவர் வேண்டும். அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே பெயரைப் போடுங்கள்.

10. கையெழுத்தும் பதிவும்

குறைந்தது இரண்டு சாட்சிகள். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். உயிலால் பயனடையும் யாரையும் சாட்சியாக வைக்காதீர்கள். வாடகைக்கு இருக்கும் எதிர்வீட்டுக்காரரும் வேண்டாம். பெங்களூரில் பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் அவர் எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்யச் சொல்வேன். உயில் தொலைந்தது, போலி என்ற பேச்சுகள் குறையும். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் நேரம் வாங்கி, சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் போக வேண்டும். காலக்கெடு கிடையாது, எழுதி எத்தனை வருடம் ஆனாலும் பதியலாம்.

மொழி விஷயம் ஒன்று. தமிழில் எழுதிய உயில் செல்லும். ஆனால் பதியும் அதிகாரிக்குத் தெரியாத, அந்த மாவட்டத்தில் வழக்கமில்லாத மொழியில் இருந்தால் சரியான மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். அல்சூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் ஒன்று இதனால் ஒரு நாளை வீணாக்கியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் எப்படியும் ஆங்கிலத்தில்தான் காட்ட வேண்டும் என்பதால், உயிலை ஆங்கிலத்தில் எழுதி, வீட்டாருக்குத் தமிழில் படித்துச் சொல்லிவிடுங்கள்.

11. ஒத்திகை

யாருமே செய்யாத படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கடிதத்தை மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். போனைத் திறந்து, மெயிலில் நுழைந்து, பேக்கப் கோடு போட்டு, ஒரு போட்டோவை டவுன்லோடு செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று அங்கே அமுக்கு, இங்கே அமுக்கு என்று சொன்னால் ஒத்திகையாகாது. எங்கள் வீட்டில் முதல் முறை 50 நிமிடம் ஆகியும் முடியவில்லை. கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினேன். அந்த ஒத்திகையில் செலவான கோடை அடித்துவிட மறக்காதீர்கள்.

அப்புறம், வருடத்துக்கு ஒரு நாள் இதே வேலை. நான் ஆயுத பூஜை லீவில் செய்கிறேன். லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கும் கையோடு கடிதத்தையும் புதுப்பித்துவிடலாம்.

12. உறையின் மேல் ஒட்ட வேண்டிய தாள்

இது வாரிசுகளுக்கு. துக்கத்தில் இருப்பவர்கள் பத்துப் பக்கம் படிக்க மாட்டார்கள். பெரிய எழுத்தில், இந்த வரிசையில் எழுதி உறையின் மேலேயே ஒட்டுங்கள்.

சிம்மைத் துண்டிக்காதே, ரீசார்ஜ் செய். போனை ரீசெட் செய்யாதே, யாருக்கும் கொடுக்காதே, சார்ஜில் வை.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய். சான்றிதழை வாங்கியதும் பெயரின் எழுத்தைச் சரிபார். வாரிசுச் சான்றிதழ் என்று ஊரில் சொல்வதற்கு ஈடாக இங்கே நாடகச்சேரி என்ற வருவாய் அலுவலகத்தில் வம்சவிருட்சம் என்னும் குடும்ப மரச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

பேங்கில் தெரிவி. யுபிஐ, ஏடிஎம் எதிலும் பணம் எடுக்காதே. பின் தெரிந்தாலும் எடுக்காதே. மற்ற வாரிசுகள் பிறகு கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இறக்கு. ஆட்டோபே பட்டியலைப் பார்த்து டொமைன் போன்ற வேண்டியதை வேறு கார்டுக்கு மாற்று, மற்றதை நிறுத்து. பிறகு நோட்டில் உள்ளபடி கணக்கு ஒவ்வொன்றாக மாற்றவோ அழிக்கவோ செய். மெயிலைக் கடைசிக்கு முந்தினதாக மூடு. எல்லாம் முடிந்து ஒரு வருடம் எந்த மெயிலும் வராமல் இருந்த பிறகு சிம்மைப் பார்த்துக்கொள்ளலாம். வேண்டுமென்றால் அந்த நம்பரை உன் பெயருக்கே மாற்றி வைத்துக்கொள், கம்பெனி கடையில் இறப்புச் சான்றிதழ் காட்டினால் செய்து தருவார்கள்.